ஒன்பது எஞ்சின்கள் தப்பிய கதை: கொலராடோவின் மூன்றடிப் பாதை

1925-ல் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் ரயில்வே, பால்ட்வின் தொழிற்சாலையிடம் பத்து நீராவி எஞ்சின்கள் வாங்கியது. கே-36 என்பது வகைப் பெயர், 480 முதல் 489 வரை எண்கள். அந்தப் பத்தில் ஒன்பது இன்னும் இருக்கின்றன. அதுவும் ஊர் ஊராகப் பூங்காக்களில் பெயின்ட் அடித்து நிறுத்தி வைக்கப்பட்டவையாக இல்லை. எந்த மலைத்தொடருக்காக வாங்கினார்களோ அதே கொலராடோ, நியூ மெக்சிகோ மலைகளில், அதே மூன்றடி அகலப் பாதையில், இரண்டு சுற்றுலா ரயில்களின் ஷெட்களில் இருக்கின்றன, பெரும்பாலானவை இன்றும் வேலை செய்யக்கூடியவை. பத்தாவது எஞ்சினான 485-ஐயும் காலம் கொண்டுபோகவில்லை. 1953-ல் சலைடா என்ற ஊரில், எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடையின் பள்ளத்துக்குள் விழுந்தது, இரண்டு வருடம் கழித்துப் பழைய இரும்பாகப் போனது.

1950-களில் அமெரிக்க ரயில் கம்பெனிகள் நீராவி எஞ்சின்களை ஆயிரக்கணக்கில் உடைத்து இரும்புக்குப் போட்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில், ஒரே வகையில் பத்துக்கு ஒன்பது பிழைத்தது எப்படி என்றால், முதலில் யாரும் காப்பாற்றவில்லை என்பதுதான் பதில். அவற்றை மாற்றுவதற்குப் பணம் போட யாருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான். காப்பாற்றுகிறவர்கள் கடைசியில்தான் வந்தார்கள்.

சரி, மூன்றடி எங்கிருந்து வந்தது? 1870-ல் இந்த ரயில்வேயைத் தொடங்கியவர் வில்லியம் ஜாக்சன் பால்மர், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் ஜெனரல். டென்வரிலிருந்து தெற்கே மெக்சிகோ வரை பாதை போடுவது அவர் திட்டம். அப்போது உலகம் முழுக்க ரயில் பொறியாளர்கள் பேசிக்கொண்டிருந்தது வேல்ஸ் நாட்டு ஃபெஸ்டினியோக் ரயிலைப் பற்றி. இரண்டடிக்கும் குறைந்த அகலத்தில் ஸ்லேட் கல் சுமக்கப் போட்ட அந்தச் சின்னப் பாதையில் நீராவி எஞ்சின்கள் பெரிய சுமையை இழுத்துக் காட்டின. பாதை குறுகினால் வளைவை இறுக்கமாகப் போடலாம், மலையை வெட்டுவது குறையும், தண்டவாளம் மெலிதாக இருக்கலாம், கட்டைகள் சின்னதாகப் போதும். ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் நுழைந்து நுழைந்து போக வேண்டிய, கையில் பணம் குறைவான ஒரு கம்பெனிக்கு இது நல்ல கணக்குத்தான். அதன் முதல் எஞ்சின்கள் 1871-ல் வந்தன.

(நம்மூர் வாசகர்களுக்கு ஒரு சின்ன விஷயம். இந்திய ரயில்வே கணக்கில் ஊட்டி ரயில் நேரோ கேஜ் கிடையாது, அது மீட்டர் கேஜ். நேரோ கேஜ் பார்க்க வேண்டுமென்றால் டார்ஜிலிங்குக்கோ சிம்லாவுக்கோ போக வேண்டும். அமெரிக்காவில் 1,435 மில்லிமீட்டர் நிலையான அகலத்துக்குக் கீழே எல்லாமே நேரோ கேஜ்தான், அதில் பெரும்பகுதி இந்த 914 மில்லிமீட்டர், அதாவது மூன்றடி.)

கணக்கு நன்றாக இருந்தது, ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. மூன்றடிப் பாதை நிலையான அகலப் பாதையைச் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். கூலி, நேரம், உடைசல் எல்லாம் கம்பெனி தலையில். அதனால் 1890-லேயே முக்கியப் பாதையை அகலமாக்க ஆரம்பித்துவிட்டார்கள். மிஞ்சியது தென்மேற்கு மூலை. 1880 கடைசியில் சாமா வரை, 1881-ல் டுரங்கோ வரை, 1882-ல் சில்வர்டன் வரை என்று வெள்ளிச் சுரங்கங்களைத் தேடிப் போன பாதை அது. அதை அகலமாக்க நினைத்திருப்பார்கள். ஆனால் 1893-ல் வெள்ளி விலை சரிந்தது, அமெரிக்க அரசு வெள்ளி வாங்குவதை நிறுத்தியது, சுரங்க ஊர்கள் ஆடிப்போயின. அந்த மூலைக்கு இனி பெரிய முதலீடு கிடையாது என்பது அன்றைக்கே ஏறக்குறைய முடிவான மாதிரிதான்.

முதலீடு இல்லை என்றாலும் வண்டி ஓட வேண்டுமே. இங்கேதான் இந்த எஞ்சின்களின் வடிவம் சுவாரசியமாகிறது. சாமாவிலிருந்து கும்ப்ரஸ் கணவாய் 14 மைல் தூரம், உயரம் 10,015 அடி, ஏற்றம் நூற்றுக்கு நான்கு, அதாவது 25 அடி போனால் ஒரு அடி ஏறும். பல்சக்கரம் இல்லாமல், வெறும் சக்கர உராய்வை நம்பி ஏறும் ரயிலுக்கு இது ரொம்பச் செங்குத்து. (ஊட்டி ரயில் 12.5-க்கு 1 ஏறுகிறது, ஆனால் அங்கே பல்சக்கரம் இருக்கிறது.) இந்த ஏற்றத்தில் சரக்கு இழுக்கப் பெரிய கொதிகலன் வேண்டும். பெரிய கொதிகலனுக்கு அகலமான நெருப்பறை வேண்டும். மூன்றடிப் பாதையில் சக்கரங்களுக்கு நடுவே அதற்கு எங்கே இடம்? சாதாரண எஞ்சினில் எடையைத் தாங்கும் இரும்புச் சட்டகம் சக்கரங்களுக்கு உள்பக்கம் இருக்கும். அதைத் தூக்கி வெளிப்பக்கம் வைத்துவிட்டால் நெருப்பறைக்கு இடம் கிடைக்கும், எஞ்சினின் எடை சட்டகத்தின் மேல் அமரும் இடமும் அகலமாகும். சக்கரங்கள் உள்ளே ஒளிந்துகொள்ள, வெளியே தெரிவதெல்லாம் அச்சு முனையில் மாட்டிய கிராங்குகளும் எதிர் எடைகளும் இணைப்புத் தண்டுகளும்தான். இந்த எஞ்சின்கள் ஓடும்போது பக்கவாட்டில் அத்தனை இரும்பு சுழன்று தெரிவதற்குக் காரணம் அதுவே. அழகுக்காக யாரும் செய்ததில்லை.

1903-ல் கே-27 என்று பதினைந்து எஞ்சின்கள் இப்படி வந்தன, பிறகு 1923-ல் ஆல்கோ கம்பெனி செய்த பத்து கே-28, பிறகு நம் கே-36. கே என்பது முன்னால் 2, நடுவில் இழுக்கும் சக்கரங்கள் 8, பின்னால் 2 என்ற அமைப்புக்கான எழுத்து, பின்னால் வரும் எண் இழுவிசை, ஆயிரம் பவுண்டு கணக்கில். கே-36-ன் இழுவிசை 36,200 பவுண்டு, சுமார் 16.4 டன். தண்ணீரும் கரியும் நிரப்பிய டெண்டரோடு சேர்த்து எடை கிட்டத்தட்ட 130 டன். மூன்றடிப் பாதையில் நிற்கும் இதைப் பார்த்து யாரும் பொம்மை ரயில் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் டிரைவர் கோபித்துக்கொள்வார்.

எனக்கு இவற்றில் ரொம்பப் பிடித்தது கடைசியாக வந்த கே-37. அது புதிதாக வாங்கியதே இல்லை. 1902-ல் பால்ட்வின் செய்த நிலையான அகல எஞ்சின்கள் கம்பெனியிடம் பழசாகிக் கிடந்தன. 1928 முதல் 1930 வரை டென்வரில் இருந்த பர்ன்ஹாம் பணிமனையில் அவற்றின் கொதிகலன்களைக் கழற்றி, புதிதாகச் செய்த வெளிச்சட்டகத்தின் மேல் உட்காரவைத்து, மூன்றடிப் பாதைக்கான சக்கரங்களைப் போட்டுப் பத்து எஞ்சின்கள் தேற்றினார்கள். மூத்தவனின் சட்டையைத் தைத்து இளையவனுக்குப் போட்ட குடும்பம் மாதிரிதான், இங்கே சட்டை கொஞ்சம் பெரிசு, அவ்வளவே. இந்தப் பத்தில் 491 கொலராடோ ரயில் அருங்காட்சியகத்தில் ஓடுகிறது, 493 டுரங்கோவில் 2020-ல் மறுபடி உயிர்பெற்றது.

கே-36-ன் ஒன்பதோடு ஒப்பிட்டால் கே-28-ன் கதை சோகம். 1942-ல் போருக்காக அமெரிக்க ராணுவம் பத்தில் ஏழை எடுத்துக்கொண்டு அலாஸ்காவின் ஒயிட் பாஸ் பாதைக்கு அனுப்பியது. போர் முடிந்ததும் ஏழும் உடைக்கப்பட்டன. மிஞ்சிய 473, 476, 478 மூன்றும் டுரங்கோவில். அதாவது வேலைக்குத் தகுதி இருந்ததால் போனவை அழிந்தன, மூலையில் விடப்பட்டவை நின்றன. இந்தப் பாதையின் முழு வரலாற்றையும் இந்த ஒரு சம்பவத்திலேயே பார்க்கலாம்.

இதே ரயில்வேயின் அகலப் பாதையில் நீராவி 1956-ல் முடிந்துபோனது. மூன்றடிப் பாதையில் மட்டும் 1968 வரை சரக்கு ரயிலை நீராவிதான் இழுத்தது. இந்தப் பன்னிரண்டு வருட இடைவெளிதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். அதற்குக் காரணம் நியூ மெக்சிகோவின் ஃபார்மிங்டன் பக்கம் கிளம்பிய எண்ணெய், இயற்கை எரிவாயு வேட்டை. அந்த ஊருக்குப் போகும் கிளைப்பாதையே ஒரு வேடிக்கை. சுற்றிலும் மூன்றடிப் பாதையாக இருக்க, 1905-ல் அதை மட்டும் நிலையான அகலத்தில் போட்டார்கள், பிறகு 1923-ல் மூன்றடியாகக் குறுக்கினார்கள். உலகம் முழுக்க அகலமாக்கிக்கொண்டிருந்தபோது இவர்கள் குறுக்கினார்கள்! 1950-களில் அந்தப் பாதை வழியாகத்தான் துளையிடும் குழாய்களும் குழாய்ப்பாதைக்கான இரும்பும் வண்டி வண்டியாகப் போயின. வருமானம் வந்தது, ஆனால் எவ்வளவு நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. குழாய் இறக்கி முடித்தால் வேட்டை முடிந்துவிடும். அப்படிப்பட்ட பாதைக்கு மூன்றடி டீசல் எஞ்சின் தனியாகச் செய்யச் சொல்லி ஆர்டர் கொடுப்பாரா கம்பெனி அதிகாரி? பழைய கே-36-ஐயும் கே-37-ஐயும் ஓடும்வரை ஓட்டு என்றுதான் சொல்வார், சொன்னார்கள். கும்ப்ரஸ் ஏற்றத்தில் ஒரு ரயிலை இரண்டு எஞ்சின்கள் சேர்ந்து தள்ளாடி ஏற்றும் காட்சியைப் படமெடுக்க அமெரிக்கா முழுவதிலிருந்தும் ரயில் பிரியர்கள் வந்தார்கள். கம்பெனிக்கு அது எரிச்சல்.

பயணிகள் பக்கம் நிலைமை வேறு. அலமோசாவிலிருந்து டுரங்கோ போன சான் ஹுவான் பயணிகள் ரயில் 1951 ஜனவரியோடு நின்றது. டுரங்கோவிலிருந்து சில்வர்டன் போகும் 45 மைல் கிளை மட்டும், அனிமாஸ் ஆற்றங்கரைப் பாறை விளிம்பில் போகிற அழகுக்காகவே, சுற்றுலாப் பயணிகளை இழுத்தது. ஹாலிவுட் வந்து படமெடுத்தது. கம்பெனி அதையும் மூடத்தான் பார்த்தது, 1960-களின் தொடக்கத்தில் ரயில்வேக்களை ஒழுங்குபடுத்தும் மத்திய ஆணையம் அனுமதி மறுத்துவிட்டது. மூட முடியாது என்றான பிறகுதான் அதை வைத்துச் சம்பாதிக்கலாமே என்று கம்பெனிக்குத் தோன்றியது.

மற்ற பகுதியை மூட 1969-ல் அனுமதி கிடைத்தது. பழைய இரும்புக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்ற நிலையில், 1970-ல் கொலராடோவும் நியூ மெக்சிகோவும் சேர்ந்து அன்டோனிட்டோ முதல் சாமா வரை 64 மைல் பாதையை, எஞ்சின், பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கரி ஏற்றும் மேடை எல்லாவற்றோடும் 5,47,120 டாலருக்கு வாங்கின. கும்ப்ரஸ் அண்ட் டோல்டெக் என்று பெயர் வைத்தார்கள். அந்த 64 மைலில் பாதை இரண்டு மாநில எல்லையைப் பதினோரு முறை தாண்டுகிறது, ஒரு மாநிலம் மட்டும் வாங்கியிருந்தால் பாதியில் நின்றிருக்கும். சாமாவுக்கும் டுரங்கோவுக்கும் நடுவிலிருந்த தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள், அதனால் ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. சில்வர்டன் கிளையை 1981-ல் சார்ல்ஸ் பிராட்ஷா என்ற தொழிலதிபர் வாங்கினார். கனமான கே-36 அதுவரை சில்வர்டனுக்குப் போனதில்லை, பாதை தாங்காது. அவர் பாலங்களையும் தண்டவாளத்தையும் பலப்படுத்திய பிறகுதான் போனது. இன்று 480, 481, 482, 486 டுரங்கோவில். 483, 484, 487, 488, 489 சாமா பக்கம்.

இதில் கவனிக்க வேண்டியது, எஞ்சின் மட்டும் பிழைக்கவில்லை. கும்ப்ரஸ் மாநிலங்களின் கைக்குப் போனபோது தண்ணீர்த் தொட்டி, சரக்குப் பெட்டிகள், பனி அள்ளும் சுழல் எந்திரம், பட்டறை எல்லாமே கூடவே போயின. பூங்காவில் நிற்கும் எஞ்சினுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தனியாக நிற்கும் ஒன்றை மறுபடி ஓடவைக்க முடியாது என்றில்லை. 1883-ல் செய்த 168-ம் எண் எஞ்சின் 1930-களின் கடைசியிலிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரப் பூங்காவில் வெயிலிலும் பனியிலும் நின்றது, 2019-ல் கும்ப்ரஸ் பாதையில் ஆவி கக்கியது. ஆனால் அது ஓட ஒரு பாதையும் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆட்களும் ஏற்கெனவே அங்கே இருந்ததால்தான் நடந்தது.

முழுதாகப் பிழைத்த இன்னொன்று பென்சில்வேனியாவின் ஈஸ்ட் பிராட் டாப், அதுவும் மூன்றடி. 1956-ல் மூடியதும் நிக் கோவல்சிக் என்ற பழைய இரும்பு வியாபாரி மொத்தப் பாதையையும் வாங்கினார். உடைக்கத்தான் வாங்கியிருக்கிறார் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் உடைக்கவில்லை, 1960-ல் சுற்றுலா ரயிலாக ஓட்டவே ஆரம்பித்தார். 1911 முதல் 1920 வரை பால்ட்வின் செய்த ஆறு எஞ்சின்களும், ஒரே தண்டிலிருந்து பெல்ட் போட்டு எல்லா எந்திரங்களையும் ஓட்டும் அந்தக் காலப் பட்டறையும் அப்படியே இருக்கின்றன. இடையில் சில வருடம் ஓட்டம் நின்றது, 2020-ல் ஒரு அறக்கட்டளை வாங்கியது. அந்த ஆறில் 16-ம் எண் எஞ்சின் 1956-க்குப் பிறகு நெருப்பே கண்டதில்லை. 2023 பிப்ரவரியில் அது ஓடியது.

ஓட்டுவது என்று முடிவெடுத்துவிட்டால் செலவு எங்கே போகிறது? கொதிகலனுக்கு. 1995-ல் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் பக்கம் ஒரு நிலையான அகலச் சுற்றுலா ரயிலின் எஞ்சினில், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக்குப் போகும் வழி உப்புப் படிந்து அடைத்துக்கொண்டது. உள்ளே தண்ணீர் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை. நெருப்பறையின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்கு அடியிலேயே இருக்க வேண்டும், தண்ணீர் இறங்கியதும் அது சூடேறி இளகிப் பிய்ந்தது. மூன்று பேருக்குத் தீக்காயம். உயிர் போகாதது அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு 2000-ல் நடைமுறைக்கு வந்த மத்திய விதி சொல்வது: 1,472 வேலை நாள், அல்லது 15 வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது கொதிகலனின் குழாய்களை எல்லாம் உருவி, உள்ளே ஆள் இறங்கி, தகட்டின் தடிமனை இடம் இடமாக அளந்து, தாங்கும் அழுத்தத்தைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். நெருப்பு போட்டு ஆவி ஏற்றிய நாளெல்லாம் வேலை நாள். வருடத்துக்கு 150 நாள் ஓட்டினால் பத்து வருடத்தில் கெடு முடிந்துவிடும். ஒரு எஞ்சின் இப்படிப் பிரித்துக் கிடக்கும்போது ரயிலை நிறுத்தாமல் இருக்க இன்னொரு எஞ்சின் வேண்டும், அதே உதிரி பாகம் பொருந்தும் எஞ்சினாக இருந்தால் இன்னும் நல்லது. ஒன்பது ஒரே மாதிரி எஞ்சின்கள் மிஞ்சியதன் அருமை இங்கேதான் தெரிகிறது. ஒன்றுக்கு வார்ப்பு அச்சு செய்தால் எல்லாவற்றுக்கும் ஆகும். ஒரே ஒரு எஞ்சினை வைத்துக்கொண்டு ரயில் நடத்துகிறவர்கள், பழுது வந்ததும் வருடக்கணக்கில் நன்கொடை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்படிக் குழாய் மாற்றி, தகடு மாற்றி, டயர் மாற்றி, தாங்கிகளை வார்த்து ஓட்டினால் அதில் 1925-ன் இரும்பு எவ்வளவு மிஞ்சும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கம்பெனி சரக்கு ஓட்டிய காலத்திலும் இதையேதான் செய்தது, கே-37 அதற்குச் சாட்சி. நீராவி எஞ்சின் பிரித்துப் பிரித்துப் பூட்டவே செய்யப்பட்ட பொருள்.

எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி நெருப்பு. நீராவி எஞ்சினில் சிலிண்டரிலிருந்து வெளியேறும் ஆவியைப் புகைபோக்கி வழியாகப் பீய்ச்சுகிறார்கள், அந்த வேகம்தான் நெருப்புக்குக் காற்றை இழுக்கிறது. சுமை கூடினால் பீய்ச்சலும் கூடும், நெருப்பு இன்னும் கொழுந்து விடும். மேதைத்தனமான ஏற்பாடு. ஆனால் அதனாலேயே, எஞ்சின் மிகக் கடுமையாக உழைக்கும் ஏற்றத்தில்தான் கங்குகளும் அதிகமாகப் பறக்கும். புகைபோக்கிக்குக் கீழே வலை வைத்தாலும் பொடிக் கங்கு தப்பிவிடும். டுரங்கோவில் ஒவ்வொரு ரயிலுக்குப் பின்னாலும் தண்ணீரோடு ஒரு சின்ன மோட்டார் வண்டி வரும், தீ பிடித்தால் அணைக்க.

2018 ஜூன் 1-ம் தேதி, கடும் வறட்சி, டுரங்கோவுக்கு வடக்கே மலைச்சரிவில் தீ கிளம்பி சுமார் 54,000 ஏக்கர் எரிந்தது. ரயிலின் கங்குதான் காரணம் என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. ரயில் நிறுவனம் பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் 2022-ல் 2 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்து வழக்கை முடித்தது. அதற்குள் எஞ்சின்களை ஒவ்வொன்றாக எண்ணெய்க்கு மாற்ற ஆரம்பித்திருந்தார்கள், மேலே சொன்ன 493 உயிர்பெற்றதே எண்ணெயில்தான். டீசல் எஞ்சின்களும் வந்தன.

ரயில் பிரியர்களில் ஒரு கூட்டம் இதற்கு முகம் சுளித்தது. கரி வாசனை இல்லை, ஃபயர்மேன் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஆறு டன் கரி அள்ளிப்போடும் உழைப்பு இல்லை, வால்வைத் திருகுவது ஒரு வேலையா என்று. போனது நிஜமான இழப்புதான், மறுக்கவில்லை. மெல்லிதாகக் கரியைப் பரப்பி, எந்த மூலையில் நெருப்பு வெளுக்கிறது என்று பார்த்துப் போடுவது கையில் படியும் வித்தை, எழுதி வைத்துக் கற்க முடியாது. ஆனாலும் காட்டுக்கு நடுவே, கோடையில், மனிதர்கள் வீடு கட்டியிருக்கும் சரிவுகளுக்குக் கீழே ஓடும் ரயிலுக்கு எண்ணெய்தான் சரி என்பது என் கட்சி. கரிக்காக அடம்பிடித்தால் அடுத்த வழக்கு ரயிலையே நிறுத்திவிடும். நீலகிரியிலும் எண்ணெய்க்கு மாறினார்கள், திருச்சி பொன்மலைப் பணிமனை எண்ணெயில் எரியும் புதிய எஞ்சின்களையே ஊட்டி ரயிலுக்காகக் கட்டிக் கொடுத்தது. அந்த ரயிலின் மதிப்பு அதனால் குறைந்துவிட்டதாக மேட்டுப்பாளையத்தில் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எப்படியும் கரியே கிடைக்காமல் போகப் போகிறது. அமெரிக்காவில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன, வேல்ஸில் ஃபோஸ்-ஒய்-ஃப்ரான் திறந்தவெளிச் சுரங்கம் 2023-ல் மூடியதும் பிரிட்டனின் நீராவி ரயில்கள் வெளிநாட்டுக் கரியையும், பொடியைப் பிசைந்து உருட்டிய கரிக் கட்டிகளையும் தேடிப் போக வேண்டியதாயிற்று. சுற்றுலா ரயில் கேட்கும் கொஞ்சக் கரிக்காக எந்தச் சுரங்கமும் திறந்திருக்காது.

எரிபொருளை மாற்றிக்கொள்ளலாம், வார்ப்புகளை அப்படி மாற்ற முடியாது. சிலிண்டர் விரிசல் விட்டால் புதிதாக வார்க்கத்தான் வேண்டும், அந்த அளவில் இரும்பு வார்க்கும் ஆலைகள் குறைந்துகொண்டே வருகின்றன, மர அச்சு செய்யத் தெரிந்தவர்கள் அதைவிட வேகமாக. அதனால்தான் 483-ஐப் பற்றி யாரும் அவசரப்பட்டு முடிவெடுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒன்பதில் ஒன்றான அது 1970-களில் ஓட்டம் நின்ற பிறகு பல பத்தாண்டுகளாக நெருப்பில்லாமல் கிடக்கிறது. ஓடாவிட்டாலும், கூட ஓடும் எஞ்சின்களில் ஒரு பாகம் உடைந்தால் போய் அளவெடுத்துப் பார்க்க அசல் வார்ப்பு ஒன்று அங்கே நிற்கிறதே.